தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில்

போன மாசி மாதம் எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் நடுத்தட்டில் இரண்டு சாமான்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்று மாமி வாங்கி வைத்த எருமைத் தயிர்ச்சட்டி. மற்றது துவாயில் சுற்றி நான் ஒளித்து வைத்த ஊசி மருந்து. மாமி தயிர் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பக்கென்று அடிக்கும். ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இதென்னகா புள்ள, சொக்லேட்டா?"

"ஓம் மாமி" என்றேன். கணித ரீச்சர் பொய் சொன்னால் முகத்தில் தெரியும் போல. அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து ஆறு வருஷம், பிள்ளை இல்லை. மாமாங்கத்தில் தீர்த்தமாடி, ஆரையம்பதி அம்மனுக்கு நேர்த்தி வைத்து, மட்டக்களப்பில் பார்க்காத டொக்டர் இல்லை என்ற கணக்கில் நாலு வருஷம் போனது. அத்தனை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எனக்குத்தான். என் கணவருடைய விந்துப் பரிசோதனையை யாரும் கேட்கவுமில்லை, நாங்களாக யோசிக்கவுமில்லை. கடைசியில் கொழும்பில்தான் செய்தார்கள். மாதிரியைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். ஒரு மில்லிலீற்றர் விந்தில் 16 மில்லியன் விந்தணுக்களாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லை. அவருக்கு 3 மில்லியன். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நாலு வருஷம் போனது. இதை வாசிக்கிற தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முதல் நாளே இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

உடலுக்கு வெளியே கருக்கட்ட வைப்பதுதான் ஐவிஎப். சாதாரண ஐவிஎப்பில் ஒரு முட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான விந்தணுக்களை விட்டு, எது நுழைகிறதோ நுழையட்டும் என்று விடுவார்கள். எங்களுக்கு அது சரிவராது. நல்ல ஒன்றைத் தெரிந்தெடுத்து, மெல்லிய கண்ணாடி ஊசியால் முட்டைக்குள்ளேயே விடும் இக்சி முறைதான் என்றார்கள்.

மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து தினமும் வயிற்றில் ஊசி. வழமையாக மாதத்துக்கு ஒரு முட்டைதான் முதிரும், மற்றவை வாடிப்போகும். அந்த வாடிப்போகிறவற்றையும் வளர்த்தெடுக்கத்தான் இந்த மருந்து. ஆறு நாள் ஊசியை வீட்டிலேயே போட்டோம். மிச்ச மருந்தை ஐஸ்கட்டிகளோடு பிளாஸ்கில் வைத்து, இரவு பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு கொழும்புக்குப் போனேன். பொலன்னறுவை தாண்டும்வரை பத்துத்தரமாவது மூடியைத் திறந்து பார்த்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்கேனில் முட்டை வளரும் பைகள் பதினொன்று தெரிந்தன, பெரியவை 18 மில்லிமீற்றருக்கு மேல். இனிக் கடைசி ஊசி. துண்டில் "10.30" என்று எழுதித் தந்தார்கள். காலையா இரவா, எந்த நாள் என்று ஒன்றுமில்லை. சொன்ன விளக்கமும் சிங்களத்தில். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டோம். வெள்ளவத்தை அறைக்கு வந்து போன் எடுத்தால் ஒரே எங்கேஜ்.

சரி, கணக்குப் போடுவோம் என்று உட்கார்ந்தேன். அந்த ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் முட்டைகள் முதிர்ந்து, பையின் சுவரிலிருந்து கழன்று நிற்கும். முந்தி எடுத்தால் பழுத்திராது, பிந்தினால் தானாக வெடித்து வெளியேறிவிடும். முட்டை எடுப்பது வியாழன் காலை 10.30 என்பது மட்டும் நிச்சயம். அதிலிருந்து 24 கழித்தால் புதன் காலை, இன்னும் 12 கழித்தால் செவ்வாய் இரவு. இன்றைக்கே! பத்தேகாலுக்குப் போனில் ஆள் கிடைத்தது, ஓம், இன்றிரவுதான் என்றார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற கழித்தல்தான்.

அதற்குப் பிறகும் கழித்தல்தான். பதினொரு பையில் ஒன்பது முட்டை. முதிர்ந்தது ஏழு. கருக்கட்டியது ஐந்து. ஐந்தாம் நாள்வரை வளர்ந்தது இரண்டு. இப்படிக் குறைவதுதான் வழமை என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், ஒவ்வொரு போன் வரும்போதும் குளியலறைக்குள் போய் அழுதிருக்கமாட்டேன்.

இரண்டில் ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள். பஸ் குலுக்கினால் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். விழாது, கருப்பைச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடிதான் இருக்கும் என்று டொக்டர் சிரித்தார். விழவில்லைதான். ஆனால் தங்கவுமில்லை. பன்னிரண்டாம் நாள் இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது அவராகவே சொன்னார், "அம்மா, குறை எனக்குத்தான். அவவுக்கில்ல." மாமி ஒன்றும் பேசவில்லை. என் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி தயிர் வைத்தார்.

1978 யூலை 25இல் பிறந்த லூயிஸ் பிரவுன்தான் ஐவிஎப்பில் வந்த முதல் பிள்ளை. அந்தத் தாய்க்கு முட்டை வளர்க்கும் ஊசிகூடப் போடவில்லை, மாதத்தில் தானாக முதிர்ந்த ஒரேயொரு முட்டைதான். எங்களிடமும் மிச்சம் ஒரேயொரு கருதான். கொழும்பில், திரவ நைதரசனில், சைபருக்குக் கீழே 196 பாகையில் இருக்கிறது. உருக்கும்போது அதையும் கழிக்க வேண்டி வரலாம்.

நேற்று மாமி பிரிட்ஜைத் துடைத்து, நடுத்தட்டில் பாதியைக் காலியாக விட்டிருந்தார். ஏனென்று கேட்டேன்.

"ஐஸில கிடக்கிறது எத்தின நாளைக்கு நிற்குமாம் புள்ள?"

"வருஷக்கணக்கா நிற்கும் மாமி."

"அப்ப அவசரமில்ல. அம்மன்ட குளிர்த்தித் திருவிழா முடியட்டும். மறுகா நானும் வாறன் கொழும்புக்கு."