பேப்பர் 2 கார்ட்டூன்: படத்துக்கு முன்னால் தேதியைப் படியுங்கள்

ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவிலான சர்வதேசத் தேர்வு) வரலாறு ரிசல்ட் வந்துவிட்டது. ஏ ஸ்டார். அந்தக் காலத்துக் கார்ட்டூன், ஆவணங்களைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் பேப்பர் 2-ஐ நினைத்துத்தான் ரொம்பப் பயந்திருந்தேன், கடைசியில் அதுதான் என்னைத் தூக்கிவிட்டிருக்கிறது. அடுத்து எழுதப் போகிறவர்களுக்காக, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம். கார்ட்டூனைப் பார்ப்பதற்கு முன்னால், அது எந்த நாட்டில், எந்தத் தேதியில் வந்தது என்று சொல்லும் அந்தச் சின்ன வரியைப் படிப்பது. டியூஷனில் சின்னங்களின் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கரடி என்றால் ரஷ்யா, அங்கிள் சாம் என்றால் அமெரிக்கா, ஜான் புல் என்றால் பிரிட்டன். அது ஒரு மாலை வேலை. கரடி யாரென்று தெரிந்துவிட்டால் மட்டும் வரைந்தவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துவிடாது.

சோவியத் ஏவுகணைகளால் வந்த கியூபா நெருக்கடி பற்றி லெஸ்லி இல்லிங்வொர்த் பிரிட்டனின் டெய்லி மெயிலில் வரைந்த கார்ட்டூனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் ஹைட்ரஜன் குண்டுகள்மேல் உட்கார்ந்து கைமடக்கிப் பலம் பார்க்கிறார்கள். இன்னொரு கையின் விரல் பொத்தான்மேல். பேசலாம் என்று குருஷ்சேவ் சொல்வதாகக் கீழே ஒரு வரி. படத்தை மட்டும் பார்த்தால் "அணு ஆயுதப் போர் வரப் போகிறது" என்று எழுதத் தோன்றும். தேதி 1962 அக்டோபர் 29. கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் குருஷ்சேவ் அறிவித்தது அதற்கு முந்தைய நாள். இப்போது படமே மாறிவிடுகிறது: அவர் இறங்கி வந்துவிட்டார், ஆனால் விரல்கள் இன்னும் பொத்தானை விட்டு நகரவில்லை, நிம்மதி அடையாதீர்கள் என்கிறார் இல்லிங்வொர்த். இதே படம், நெருக்கடி முற்றிக்கொண்டிருந்த அக்டோபர் 23-இல் வந்திருந்தால் பதில் வேறு.

டேவிட் லோவின் ஹிட்லர்-ஸ்டாலின் கார்ட்டூனும் அப்படித்தான். இருவரும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்குகிறார்கள், பேச்சிலோ வசவு. நடுவில் ஒரு உடல். ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று இரு நாடுகளும் செய்துகொண்ட ஆகஸ்ட் 23 ஒப்பந்தத்தை மட்டும் எழுதினால் அந்த உடலுக்கு விளக்கம் கிடைக்காது. கார்ட்டூன் வந்தது 1939 செப்டம்பர் 20. சோவியத் படை போலந்துக்குள் நுழைந்தது செப்டம்பர் 17. அந்த உடல்தான் போலந்து.

பத்திரிகையின் பெயரை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். லோ வரைந்த ஈவினிங் ஸ்டாண்டர்டின் முதலாளி பீவர்புரூக், ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்துப் போகும் கொள்கையை ஆதரித்தவர். அதே பத்திரிகையில்தான் லோ அதைத் தாக்கி வரைந்தார். சோவியத் இதழான குரோக்கடில் என்றால் கதை வேறு, அரசின் குரல்தான் அங்கே பேசும்.

பதில் எழுதும்போது:

- "கார்ட்டூனிஸ்ட் கண்டிக்கிறார்", "எச்சரிக்கிறார்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். படத்தில் இருப்பதை வர்ணித்துக்கொண்டே போனால் மார்க் கீழேயே நிற்கும்.
- படத்திலிருந்து ஒரு விவரம், நடந்ததிலிருந்து ஒரு தேதி. போதும்.
- "ஏன் அந்த மாதம் வெளியிட்டார்கள்?" என்று கேட்டால், யாரை என்ன செய்யவைக்க நினைத்தார்கள் என்பதையும் சேருங்கள்.

வேகமாக எழுதுகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். நான் நிதானமான ஆள், எனக்கு ஒத்துவந்தது. பழைய பேப்பர்களில் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த மாதம் என்ன நடந்தது என்று எழுதிவிட்டு, அப்புறம்தான் கையை எடுப்பேன்.

1919 டிசம்பரில் பிரிட்டனின் பஞ்ச் இதழில் வந்த சர்வதேச சங்க (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பாலம் கார்ட்டூனில் தொடங்குங்கள். நவம்பர் 19-இல் அமெரிக்க செனட், சர்வதேச சங்கத்தையும் உள்ளடக்கிய வெர்சாய் ஒப்பந்தத்தை நிராகரித்தது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பாலத்தின் நடுக்கல்மேல் சாய்ந்து கிடக்கும் அங்கிள் சாமைப் பாருங்கள். பாலத்தை வடிவமைத்ததே அமெரிக்க அதிபர்தான் என்று ஒரு பலகை நிற்கும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று இரண்டே வரியில் எழுதிப் பாருங்கள்.