பக்கத்துக் கவுண்டரில் பணம் குறைந்த அன்று

2016 நவம்பரில் நான் ஒரு வங்கிக் கிளையில் கேஷியர். 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று 8ஆம் தேதி ராத்திரி அறிவித்தார்களே, அதற்கப்புறம் வந்த வாரங்களைக் கவுண்டரில் உட்கார்ந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாற்றித் தரும் தொகை முதலில் 4,000, பிறகு 4,500, பிறகு 2,000 என்று மாறிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு தடவையும் வரிசையில் நிற்பவர்களின் கோபத்தை நாங்கள்தான் வாங்கினோம்.

பக்கத்துக் கவுண்டரில் என் நண்பன். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஆபீசர் பரீட்சையும் ஒன்றாகத்தான் எழுதினோம். அவன் பாஸ், நான் ஃபெயில்.

ஒரு நாள் ராத்திரி அவனுக்கு கேஷ் டேலி ஆகவில்லை. 24,000 குறைந்தது. குறைந்தால் கேஷியர்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். அவன் கட்டுகளைப் பிரித்து, ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டுத் திரும்ப எண்ணினான், விரல் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. "ஐயோ பாவம்" என்று வாய் சொல்வதற்கு முன்னாலேயே என் நெஞ்சுக்குள் ஏதோ லேசாகி, ஜில்லென்று இறங்கியது. அது சந்தோஷம்தான், வேறு பேர் வைக்க முடியாது.

அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. முன்பின் தெரியாத ஒருவர் 24,000 தொலைத்திருந்தால் எனக்கு வருத்தம் மட்டும்தான் வந்திருக்கும். தினமும் யாரோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்கிறோமோ அவர் சறுக்கினால்தான் இந்த ருசி தெரிகிறது, நாம் ஒரு படிகூட ஏறாமலே ஏறிவிட்ட மாதிரி இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் இதை மூளை ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள்: நாம் பொறாமைப்படும் ஆளுக்குக் கெட்டது நடப்பதாகப் படிக்கும்போது, பரிசு கிடைத்தால் தூண்டப்படும் மூளைப் பகுதி தூண்டப்படுகிறது, பொறாமை அதிகமாக இருந்தவர்களுக்கு அது இன்னும் அதிகம். படித்தபோது எனக்கு ஆறுதலாக இல்லை, அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

சரி, நானும் கூட உட்கார்ந்து எண்ணினேன். ஒவ்வொரு கட்டையும் முடிக்கும்போது பணம் கிடைத்துவிடக் கூடாதே என்று உள்ளே ஒரு மூலை கேட்டுக்கொண்டே இருந்தது. கிடைக்கவும் இல்லை. பத்தரை மணிக்கு பைக்கை எடுக்கும்போது, "எல்லாரும் கிளம்பிட்டாங்க, நீயாவது இருந்தியே" என்று என் தோளைத் தட்டினான்.

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.