துணியைப் பார்த்தவர்

2009 வாக்கில் வடக்கே ஒரு விமானப்படைத் தளத்தில் என்டிடி பிரிவில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். விமானத்தை அறுக்காமல் கொள்ளாமல் விரிசலைக் கண்டுபிடிக்கிற வேலை. ஹேங்கரில் ஒரு ஏஎன்-32 நின்றது. 1984-லிருந்து சரக்கும் ஜவான்களும் சுமக்கிற ரகம். பைலட் யாரும் குறை சொல்லவில்லை. பறந்த மணிக்கணக்கு சோதனை வரம்பை எட்டிவிட்டது, அதனால் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

புகாரே இல்லாத இடத்தில் என்னத்தைத் தேடுவது என்று அலுத்துக்கொண்டேன். எங்கள் வாரண்ட் ஆஃபீசர் மதுரைக்காரர். 2007 நவம்பரில் அமெரிக்காவின் மிசூரியில் ஒரு எஃப்-15 போர் விமானம் பயிற்சியின்போது வானத்திலேயே இரண்டாகப் பிய்ந்த கதையைச் சொன்னார். காக்பிட் பக்கமாக நீளவாக்கில் ஓடும் லாஞ்சரான் சட்டம், வரைபடத்தில் இருந்ததைவிட மெலிதாகச் செய்யப்பட்டிருந்தது. அதில் விழுந்த விரிசல்தான் காரணம். பைலட் குதித்துப் பிழைத்தார். "அவருகூட அன்னிக்குக் காலைல புகார் சொல்லலப்பா" என்றார்.

எனக்கு வந்தது இறக்கைக்குள் இருக்கும் ஒரு அலுமினிய பிராக்கெட், உள்ளங்கை அகலம். பெயின்டை எடுத்து, கழுவி, காயவிட்டு, விரிசலுக்குள் ஊறி இறங்கும் சிவப்புச் சாயமான டை பெனிட்ரன்ட் அடித்து 20 நிமிடம் ஊறவிட்டேன். அதுவரை சரி. சாயம் சீக்கிரம் போகட்டும் என்று கிளீனரை நேராக பிராக்கெட் மேலேயே பீய்ச்சித் துடைத்தேன். பளபளவென்று ஆனது. விரிசலுக்குள் தங்கிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பூச்சான டெவலப்பரை அடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

"க்ளீன், சார்."

அவர் பிராக்கெட்டைப் பார்க்கவே இல்லை. என் கையிலிருந்த துணியைத்தான் பார்த்தார். சொட்டிக்கொண்டிருந்தது. "மேல இருந்ததோட உள்ள இருந்ததையும் சேர்த்துக் கழுவிட்டியே தம்பி. முதல்லேர்ந்து ஆரம்பி."

இரண்டாம் தடவை முதலில் காய்ந்த துணி, அப்புறம் லேசாக ஈரம் காட்டிய துணி. டெவலப்பர் காய்ந்த சில நிமிடங்களில் போல்ட் துளை விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கோடாக நீண்டது. ஸ்கேல் வைத்தேன்: 4 மில்லிமீட்டர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வேண்டுமென்றே கீறல் போட்ட மாதிரிக் கட்டையில் எடி கரன்ட் கருவியை, அதாவது உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாக்கி விரிசலைக் காட்டும் கருவியை, சரிபார்த்துவிட்டு, துளையைச் சுற்றி நகர்த்தினோம். அதே இடத்தில் திரைப்புள்ளி துள்ளியது. பிராக்கெட்டை மாற்ற எழுதியாயிற்று.

"எதிர் இறக்கையிலயும் இதே இடம்" என்றார். துணியைப் பிழிந்து காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.