வெட்டாமல் வைத்திருந்த கை

அம்மா பெங்களூரு அல்சூரில் 40 வருடம் தையல் மெஷின் மிதித்தவர். எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார். கீழ்வீட்டு ஜப்பான்காரப் பெண்மணி, காற்றாட விரித்திருந்த தன் ஃபுரிசோடேயைக் காட்டக் கூப்பிட்டபோதும் அப்படித்தான்.

கல்யாணமாகாத பெண்கள் விசேஷத்துக்கு உடுத்தும் கிமோனோ அது. ஃபுரிசோடே என்றால் வீசியாடும் கை என்று அர்த்தம். அம்மா டேப்பை எடுத்து அந்தக் கையை அளந்தார். 45 அங்குலம்! "பாவாடை நீளம்டி இது."

உள்ளே லைனிங் இருந்தது. ஆனாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிட்டார். எங்குமே வளைத்து வெட்டவில்லை. ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில் நெய்த பட்டு, நேர்நேராக வெட்டி, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டிருக்கிறது. மிச்சத் துணியை நறுக்கி எறியாமல் உள்ளேயே மடித்து விட்டிருக்கிறார்கள். பிரித்துத் துண்டுகளை வரிசையாக இணைத்தால் மறுபடி நீளத் துணியாகிவிடும். முன்பெல்லாம் அப்படித்தான் துவைப்பார்களாம், வேறு அளவுக்கும் தைப்பார்களாம். குழந்தைகள் கிமோனோவில் தோளிலும் இடுப்பிலும் டக் பிடித்து, வளர வளரப் பிரித்து விடுவார்கள் என்றும் கீழ்வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு என் பட்டுப்பாவாடையும், டக் பிரித்த இடத்தில் தெரியும் பளிச்சென்ற கோடும் கண்முன் வந்தன.

அவர் அந்த ஃபுரிசோடேயை உடுத்தியது 1996-இல், 20 வயதானவர்களைப் பெரியவர்களாக வரவேற்கும் விழாவில். அப்போது ஜனவரி 15 அன்று நடக்கும். 2000-லிருந்து ஜனவரி இரண்டாம் திங்கள். 2022-இல் சட்டப்படி மேஜராகும் வயது 18 ஆகிவிட்டது, ஆனால் பெரும்பாலான ஊர்களில் விழா இன்னும் 20-க்குத்தான்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இதை என்னம்மா பண்ணுவீங்க?" அம்மா கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கையைக் குட்டையாக வெட்டித் தைத்துக்கொண்டால் உடுத்தலாமாம். நிறையப் பேர் செய்வார்களாம். அவருடைய மாமியாரும் சொல்லிப் பார்த்தாராம். இவர் கேட்கவில்லை. காகித உறையில் மடித்து, நான்கு வீடு மாறியும் கூடவே எடுத்து வந்திருக்கிறார். வருகிற ஜனவரியில் மகளுக்கு விழா. பெண் அவரைவிட உயரம். உள்ளே மடித்து விட்ட துணி இப்போது உதவும்.

அம்மா அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "நல்லவேளை தாயே, வெட்டாம வெச்ச" என்றார். ஓரத்தில் லைனிங் தையல் ஒரு விரற்கடை விட்டிருந்தது. அவரிடம் கேட்கச் சொன்னார். சரி என்றதும், மாடிக்குப் போய்த் தன் கண்ணாடியையும் மெல்லிய ஊசியையும் எடுத்து வரச் சொன்னார்.