பீடன்று

சாலிகிராமத்தில் ஒரு சீரியலுக்கு வசனம் எழுதும் குழுவில் ஆறு வருடம் இருந்தேன். கதை டிஸ்கஷன் என்றால் ஒரு வெள்ளைப் பலகை, ஆறிப்போன டீ, அப்புறம் தொன்மக் கதைகளை ஆராய்ந்த ஜோசப் காம்ப்பெல் 1949-இல் எழுதிய நாயகப் பயணத்தின், அதாவது பழங்கதை நாயகர்கள் எல்லாரும் போகும் பொதுவான பாதையின், 17 கட்டங்கள். தொன்மம் என்பது தையற்காரரிடம் கொடுக்கும் அளவு சட்டை மாதிரி, கதையை அதன் மேல் வைத்து வெட்டினால் போதும் என்றுதான் நானும் நம்பினேன்.

ஒரு காட்சி. வேறொரு பெண்ணிடம் போயிருந்த கணவன் கையில் காசில்லாமல் திரும்புகிறான், மனைவி கதவைத் திறக்கிறாள். ஒன்றரைப் பக்கம் வசனம் கொடுத்திருந்தேன். நடிகையின் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த காஸ்ட்யூம் அக்கா, ஊக்கைப் பல்லில் கடித்தபடியே, "இவ்வளவு பேச மாட்டாம்மா அவ. சாப்பாடு எடுத்து வெப்பா, அவ்வளவுதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தில் கண்ணகி பேசுவது மிகக் கொஞ்சம். சோமகுண்டம், சூரியகுண்டத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்புறலாம் என்று தோழி தேவந்தி சொல்ல, 'பீடன்று' என்று ஒரே சொல்லில் மறுக்கிறாள், அது பெருமையில்லை என்று. கோவலன் பொருளெல்லாம் தொலைத்து வெட்கி நிற்கும்போது 'சிலம்புள கொண்ம்', சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள் என்று. அவ்வளவுதான். அத்தனை நாள் மௌனமும் சேர்ந்துதான் மதுரையில் பாண்டியன் முன்னால் வெடிக்கிறது, உடைத்த சிலம்பின் மாணிக்கப் பரல் அவன் முகத்தருகே தெறிக்கிறது. 1968-இல் மெரினாவில் வைத்த அவள் சிலையை 2001-இல் எடுத்தபோது அவ்வளவு கொந்தளிப்பு வந்ததும், 2006-இல் அது திரும்ப வந்ததும் வெறும் அரசியல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொல்படிமத்தை, அதாவது மனித மனத்தின் ஆழத்தில் எல்லாருக்கும் பொதுவாகக் கிடக்கும் வடிவத்தை, தண்ணீர் வற்றிய ஆற்றுப்படுகை என்கிறார் உளவியலாளர் யூங். தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் அந்த வழியைக் கண்டுபிடித்துத் திரும்ப ஓடும். பாலாற்றங்கரையில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேலே மணல்தான், ஆனால் கையால் ஊற்று தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும்.

வசனத்தை இரண்டு வரியாக வெட்டிக் கொடுத்தேன். அன்று ஷாட் முடிந்ததும் செட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த ஆறு வருடத்தில் டைட்டில் கார்டில் என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை, கேட்டால் அடுத்த ஷெட்யூலில் பார்க்கலாம் என்பார்கள், நானும் சரி சார் என்று வந்துவிடுவேன். அடுத்த வாரம், தேதி போட்டு எழுதிய ஏழு லாங் சைஸ் நோட்டுகளை எடுத்துப் போய்த் தயாரிப்பாளர் மேஜையில் வைத்தேன். கை நடுங்கியது. "எல்லாம் என் கையெழுத்து சார், பாருங்க." வேறெதுவும் சொல்ல வரவில்லை. அவர் ஒரு நோட்டைக்கூடத் திறக்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டேன்.

கடைசி நாள் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினார்.