மேடில்லாத கரையில் காற்றுதான் மேடு

பாம்பன் சாலைப் பாலத்தை விட்டால் ராமநாதபுரம் கரையில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தேவிபட்டினத்திலிருந்து ஏர்வாடி வரை, இந்தப் பக்கம் மண்டபம் வரை, எல்லாம் மட்டத்தரை. கால் முறிந்து, ராடோ பிளேட்டோ வைத்து, மாதக்கணக்கில் படுத்து எழுந்தவர்கள் நீண்ட தூர சைக்கிளுக்குத் திரும்ப இந்தக் கரையைத் தேடி வருவது அதனால்தான். அந்த எண்ணத்தில் பாதிதான் சரி.

இறக்கம் இல்லாத சாலையில் காலுக்கு ஓய்வும் கிடையாது. மலைப்பாதையில் அரை மணி மிதித்தால் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து இறங்கலாம். இங்கே நிமிடத்துக்கு 80 சுற்று என்றால், ஒரு மணி நேரத்தில் முட்டி 4,800 முறை மடங்கி நீள்கிறது. போதாததற்குக் காற்று. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றும் 18 இருந்தால், காற்றின் தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. கிலோமீட்டர் கணக்குப் போட்டுக் கிளம்புகிறவர்கள் இந்தக் கரையில் ஏமாறுவது இதில்தான். ஆறிவரும் காலுக்கு இங்கே இரண்டே கணக்கு: எத்தனை நிமிடம் மிதித்தோம், காற்று எந்தப் பக்கம் இருந்தது.

சாலைக்கு வருவதற்கு முன் வீட்டில் முடிக்க வேண்டியவை உண்டு. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்து, ஆபரேஷன் செய்த டாக்டர் வாயால் சொல்லியிருக்க வேண்டும். கைத்தடி இல்லாமல், நொண்டாமல் அரை மணி நடக்க முடிய வேண்டும். அதன்பின் டபுள் ஸ்டாண்ட் போட்ட பழைய சைக்கிள் ஒன்று போதும், தனி இயந்திரம் தேவையில்லை. சுவரோரமாக நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் வைத்தபடி ஏறி உட்காருங்கள். முழுச் சுற்று சுற்ற முட்டி சுமார் 110 பாகை மடங்க வேண்டும். அவ்வளவு மடங்காவிட்டால் வலிந்து தள்ளக் கூடாது. பெடலை முன்னும் பின்னுமாகத் தொட்டில் போல ஆட்டினால் போதும். சில நாளில் பின்பக்கச் சுற்று முதலில் முழுதாக வரும், அதற்குப் பிறகே முன்பக்கம். பெரும்பாலோருக்கு இந்த வரிசைதான்.

சீட்டு உயரத்தைப் பழைய அளவுக்கே வைப்பது பெரிய தவறு. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது முட்டி நேராக நிற்கும் உயரம்தான் தொடக்கம். முட்டி முழுதாக மடங்காதவர்கள் அதற்கு மேல் 5 முதல் 10 மி.மீ. வரை ஏற்றலாம். அதைத் தாண்டினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், வலி முதுகுக்குப் போய்விடும். முட்டி முழுதாக நீளாதவர்களுக்கு நேர் எதிர்: சீட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டும். மடங்குவதிலும் நீள்வதிலும் குறை உள்ளவர்களுக்குச் சீட்டை மட்டும் நகர்த்திப் பயனில்லை, கிராங்க்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் தண்டை, மாற்ற வேண்டும். கடைச் சைக்கிள்களில் பெரும்பாலும் 170 மி.மீ. கிராங்க் வரும். 160-க்கோ 155-க்கோ மாற்றினால் பெடலின் வட்டமே சிறிதாகி, மேல் புள்ளியில் முட்டி மடங்க வேண்டிய அளவு குறையும். கிராங்க் எத்தனை மி.மீ. குறைகிறதோ அத்தனை மி.மீ. சீட்டை ஏற்ற மறக்காதீர்கள். கிராங்க் மாற்றியும் வலிக்கிறது என்று வருகிறவர்களில் பலர் இதை விட்டவர்கள்தான்.

தொடையை அளந்து எழுதி வைப்பதும் முக்கியம். முட்டிச் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே பேனாவால் குறி போட்டு, இரண்டு தொடையையும் தையல்காரர் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். அடிபட்ட தொடை 2, 3 செ.மீ. சிறுத்திருப்பது சாதாரணம். மாதம் ஒருமுறை அளந்தால், மிதிப்பது அந்தக் காலா, இல்லை நல்ல காலே இரண்டு பேர் வேலையையும் பார்க்கிறதா என்று தெரிந்துவிடும். சாலையில் இதைக் காதாலும் பிடிக்கலாம். விடியற்காலையில் சேதுக்கரைச் சாலையில் வண்டி ஓட்டம் இருக்காது. டயர் தாரில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். இரண்டு காலும் சமமாக மிதித்தால் அது ஒரே இழையாக ஓடும். ஒரு கால் ஏமாற்றினால் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். அப்படிக் கேட்டால் ஒரு கியர் இலகுவாக்குங்கள். பெரும்பாலும் சத்தம் உடனே சமமாகிவிடும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 20 நிமிடம், அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் கூட்டலாம். ஒரு முட்டி மேலே வருவதை 15 விநாடி எண்ணினால் 20 வர வேண்டும். 15-க்குக் கீழே போனால் கியர் கனம், முட்டிச் சில்லின் மேல் பாரம் ஏறுகிறது என்று அர்த்தம். முன்பக்கம் 28 அல்லது 30 பல், பின்பக்கம் 32 அல்லது 34 பல் இருந்தால் இந்தக் கரையின் எந்தக் காற்றையும் உட்கார்ந்தே கடக்கலாம். எழுந்து நின்று மிதிக்கும் பேச்சே வேண்டாம். கெண்டைக்கால் எலும்பில் ராடு வைத்தவர்களுக்கு முட்டியின் முன்பக்கம் வலிப்பது பரவலாக உள்ளதுதான். மிதிக்கும்போது பத்துக்கு மூன்று வரை வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலி நின்றாலோ முட்டி வீங்கினாலோ, முந்தைய அளவுக்கு இறங்க வேண்டும்.

ஒரு மணி நேரம் வீக்கமில்லாமல் வந்துவிட்டால் ஊருக்கு வெளியே போகலாம். எந்தப் பக்கம் போவது என்பதை மாதம்தான் சொல்லும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. கரையில் இதையே சோழகம், கச்சான் என்று திசை பார்த்துப் பிரித்துச் சொல்வார்கள். அந்த மாதங்களில் ராமநாதபுரத்திலிருந்து தெற்கே திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை. கால் புதிதாக இருக்கும்போது எதிர்க்காற்றில் போய், களைத்தபின் காற்று முதுகைத் தள்ள வீடு வரலாம். திருப்புல்லாணி சுமார் 10 கி.மீ., கீழக்கரை சுமார் 17. வாடை வீசும் மாதங்களில் இதையே வடக்கே திருப்ப வேண்டும்: தேவிபட்டினம் போய் வர சுமார் 30 கி.மீ. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை குறுக்கிடும். எங்களைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரிதான் இதற்கு வாய்த்த மாதங்கள். எந்த மாதமானாலும் விடியுமுன் கிளம்பி 9 மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதற்குமேல் கடற்காற்று எழும்பி, போட்ட கணக்கைக் குலைத்துவிடும்.

நிறுத்தும்போது எந்தக் காலை ஊன்றுவது என்பதை இந்தச் சிறு பயணங்களிலேயே பழகிவிட வேண்டும். நம் சாலையில் இடதுபக்கம் ஒதுங்கி நிற்பதால் தானாகவே இடதுகால்தான் இறங்கும். தார் முடிந்து மண் தாழ்ந்திருக்கும் இடத்தில் அந்தக் கால் எதிர்பார்த்ததைவிட நாலு விரல் கீழே போய் விழும். அடிபட்டது இடதுகால் என்றால் தாரின் மேலேயே நின்று, சீட்டிலிருந்து முன்னே இறங்கி வலதுகாலை ஊன்றுங்கள். ஷூவைக் கவ்விக்கொள்ளும் பெடல் இப்போதைக்கு வேண்டாம். கழற்றக் குதிகாலை முறுக்கும் அந்த அசைவைப் புதிதாகக் கூடிய எலும்பும் முட்டியும் தாங்க இன்னும் நாளாகும். நாய் துரத்தினாலும் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அது விலகிவிடும்.

இந்த மாவட்டத்தில் பஞ்சர் உறுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலம் இல்லாத சாலையோரம் கிடையாது. கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப்போகும் வண்டிகள் முள்ளைத் தாரிலேயே உதிர்த்துவிட்டுப் போகும். 32 அல்லது 35 மி.மீ. டயர் போட்டு, 70 கிலோ ஆளுக்குப் பின்சக்கரத்தில் 55, முன்சக்கரத்தில் 48 பிஎஸ்ஐ அளவில் காற்று வைத்தால் முள்ளும் குறையும், முட்டிக்கு அதிர்வும் குறையும். டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், கூடவே ஒரு நகவெட்டி. முள் டயருக்குள் ஒடிந்து நுனி மட்டும் நிற்கும், விரலுக்குத் தட்டுப்படாது. பழைய பனியன் துணியை டயரின் உள்ளே சுற்றி இழுத்தால் நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். வெளியிலிருந்து அழுத்தி, உள்ளே எட்டிப்பார்க்கும் நுனியை நகவெட்டியால் கவ்வி இழுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் புது டியூப் போட்டால் இரண்டு கிலோமீட்டரில் அதுவும் போகும். இன்னொன்று: குந்தி உட்கார முடியாத முட்டியோடு பஞ்சர் பார்க்க வேண்டியிருக்கும். பாலத்துச் சுவரோ பஸ் ஸ்டாப் திண்ணையோ வரும்வரை தள்ளிக்கொண்டு போய், அதில் உட்கார்ந்து சக்கரத்தை மடியில் வைத்துச் செய்யுங்கள். இதற்கும் வீட்டிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

பெரிய பயணம் என்பது ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேசுவரம் என்று சுமார் 55 கி.மீ., அதற்கப்பால் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. மூன்று மணி நேரம் சீட்டில் இருந்தும் மறுநாள் வீக்கமில்லை என்று தொடர்ந்து மூன்று வாரம் பார்த்த பிறகே இதை எடுக்க வேண்டும். ராமேசுவரத்தில் இரவு தங்கி அரிச்சல்முனையை மறுநாளுக்கு வைப்பதுதான் நியாயம். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடியுங்கள். கரையோரக் கிணற்று நீர் உவர்ப்பு, அதனால் தண்ணீர் ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் ஓஆர்எஸ், சட்டைப் பையில் இரண்டு துண்டு கருப்பட்டி. பருவமானால் வழியில் பதநீர் கிடைக்கும். ஆபரேஷன் தழும்பு ஓராண்டுக்குள் இருந்தால் வெயில் பட்டுக் கறுத்துவிடும், துணியால் மூடிக்கொள்ளுங்கள். 45 நிமிடத்துக்கு ஒருமுறை பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சில் படுத்து, பையின் மேல் காலைத் தூக்கி வைத்துப் பத்து நிமிடம். பயணத்தின் முக்கியமான வேலையே இதுதான், யார் பார்த்தால் என்ன.

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, சுமார் 2.3 கி.மீ. நீளம். கப்பல் வழிக்கு மேலே நடுவில் உயர்ந்து இறங்கும். ஏற்றம் தொடங்குமுன்பே இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் செயின் திணறும், முட்டி இழுபடும். அதைவிட ஆபத்து பக்கக்காற்று. பஸ் ஒன்று கடக்கும்போது காற்று சட்டென நின்று, பஸ் போனதும் அடித்துத் தள்ளும். அந்த நொடியில் அனிச்சையாகக் காலைக் கீழே வைத்தால் எல்லாம் வீண். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும், பிடி மட்டும் தளர்வாக இருக்கட்டும். ரயில் பாலம் பார்க்க நடுவில் நிறுத்தும் கார்களின் கதவுகளிலும் கண் வையுங்கள். காற்று கடுமையாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறையும் இல்லை.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையுள்ள சாலை 2017-இல் திறந்தது, சுமார் 9.5 கி.மீ. சாலை தென்கிழக்கே போவதால் தென்மேற்கோ வாடையோ, எந்தப் பருவத்திலும் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும். போகும்போதும் வரும்போதும் உதவி இல்லை. அந்தக் காற்று மணலைத் தாரின் மேல் மெல்லிய விரிப்பாகப் பரப்பி வைத்திருக்கும். மணல் தெரிந்தால் மிதிப்பதை நிறுத்தாமல், திருப்பாமல், பிரேக்கும் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும். விடியலில் போய் வந்துவிட்டால் கூட்டமும் இல்லை, வெயிலும் இல்லை. 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர்ப் பக்கம் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பலாம்.

ராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தமாட எல்லோருக்கும் ஆசை இருக்கும். கல்தளம் முழுக்க ஈரம், நூற்றுக்கணக்கான கால்கள் நனைத்த வழுக்கல். மிதித்துத் தளர்ந்த தொடையோடு அதில் நடக்க வேண்டாம். ஓய்வெடுத்த மறுநாள், கூட ஒருவர் கையைப் பிடித்தபடி.

இரவு லாட்ஜில் சைக்கிளை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். சீட்டுத் தண்டை உருவி கிரீஸ் தடவிப் போடுங்கள். உப்புக்காற்றில் தண்டு பிடித்துக்கொண்டால், உயரத்தை மி.மீ. கணக்கில் மாற்றவேண்டிய இந்த மாதங்களில் அது நகரவே நகராது. காலையில் எழுந்ததும், தரையில் கால் வைக்குமுன், முன்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்திப் பாருங்கள்; வீக்கம் இருந்தால் குழி விழும். கெண்டைச் சதை ஒரு காலில் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அப்போதே ஆஸ்பத்திரி. இரத்தக் கட்டியாக இருக்கலாம், தாமதிக்கவே கூடாது. அந்த அறிகுறி எதுவும் இல்லாமல், அழுத்திய குழி மட்டும் நேற்றைவிட ஆழமாக நின்றால், சைக்கிளைப் பார்சல் ஆபீசில் லக்கேஜாகப் போட்டுவிட்டு மதுரை ரயிலில் ஏறிவிடுங்கள். அரிச்சல்முனைக்கு அடுத்த மாதம் வரலாம்.