துணிக்குப் பின்னால் ஒரு கை

குன்னூரில் ஸ்டூடியோ நடத்துவதில் லென்ஸில் பிடிக்கும் பூஞ்சையைக்கூடச் சமாளித்துவிடலாம். கைக்குழந்தையின் பாஸ்போர்ட் படம்தான் பெரும்பாடு. மூன்று மாதக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. பின்னணியோ வெள்ளையாக இருக்க வேண்டும், வேறு யாரும் தெரியக் கூடாது. ஆகவே தாயை உட்காரவைத்துத் தலையோடு ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தி, மடியில் குழந்தையை வைப்பேன். கழுத்தைத் தாங்கும் விரல்கள் மட்டும் வெளியே தெரியும். அவற்றைப் பிறகு கணினியில் அழித்துவிடுவேன். தடம் தெரியாமல் அழிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் இதே வித்தைதான். படம் பதிய நேரம் பிடித்ததால், குழந்தை அசையாமல் பிடித்துக்கொள்ளத் தாயைத் துணியால் மூடி உட்காரவைத்தார்கள்.

மியர்ல் லேடர்மன் யூகிலிஸின் படங்களைப் பார்த்த பிறகு அந்த விரல்கள் உறுத்தத் தொடங்கின. அமெரிக்கக் கலைஞர். குழந்தை பிறந்த பின், 1969இல், துவைப்பதும் துடைப்பதும் சமைப்பதும்தான் இனி என் கலை என்று அறிக்கை எழுதியவர். 1973இல், குளிருக்குப் பிள்ளைகளை உடுத்தி வெளியே கிளப்புவதையும் திரும்பி வந்ததும் கழற்றுவதையும் 95 கறுப்பு வெள்ளைப் படங்களாக அடுக்கினார். கூடவே சங்கிலியில் ஒரு தூசித் துணியைத் தொங்கவிட்டார்.

மலையில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடி மாதச் சாரலில் ஒரு தாய் வந்தாள். முதலில் கம்பளி, பிறகு குல்லா, இரண்டு ஸ்வெட்டர், காலுறை என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பாஸ்போர்ட் படம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. திரும்ப உடுத்தத்தான் கால் மணி நேரம். முழங்கையை ஸ்வெட்டருக்குள் நுழைப்பதற்குள் ஒரு காலுறை நழுவும். அதை மாட்டினால் குல்லா கண்ணை மறைக்கும். ஆசை தாங்காமல் நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “என்ன அக்கா, தலைகூட வாராமல் வந்திருக்கிறேன். இந்தக் கோலத்திலா எடுக்கிறீர்கள்?”

சுருக்கென்றது. யூகிலிஸ் காட்டியது தன் வீட்டை. நான் கேட்காமல் எடுத்தது இன்னொருத்தியின் கலைந்த தலையை. அத்தனை படங்களையும் அவள் கண்ணெதிரே அழித்தேன். அழிப்பதுதான் எனக்குக் கைவந்த வேலையாயிற்றே.

ஸ்டூடியோ சீப்பை வாங்கித் தலை வாரினாள், பொட்டை நேராக்கினாள். “இப்போது எடுங்கள்” என்று மீதியிருந்த ஸ்வெட்டரைக் கையில் எடுத்தாள். நான் கேமராவைத் தூக்குவதற்குள் குழந்தை அவள் பின்னலை எட்டிப் பிடித்துவிட்டது.